விளிம்பைத் தாண்டிய அம்புக்குறி

“கதவைச் சாத்துங்க,” என்றார் அந்த அம்மாள். “ஜன்னலையும்.”

தந்தி இரண்டையும் சாத்தினான். “ஃபேனையும் நிறுத்திடவா? அது வேற அப்போலேர்ந்து தலையைத் திருப்பித் திருப்பி நம்மளையே பாக்குது.”

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனியில், எந்த நிமிடமும் எழுந்து ஓடத் தயாரானவர் போல உட்கார்ந்திருந்தார். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை ஏதோ பாட்டை முனகியது. ஒரு பெண்ணின் குரல் அதை ‘ஷ்’ என்று அடக்கியது.

வாசல் பலகையில் ‘தட்டச்சு, நகல்’ என்று எழுதியிருந்தாலும் அந்த மாடி அலுவலகத்துக்கு யாரும் நகல் எடுக்க வருவதில்லை. அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடிவரும் பெண்களைச் சில நாள் ஒளித்துவைத்து, கணவன் மோப்பம் பிடிக்க முடியாத வேறொரு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் அது. நடத்துகிற அம்மாளை எல்லோரும் பெரியக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் டீச்சர். ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவர். அந்த வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் பெயர் அவரை விடவில்லை. தந்தி அவருடைய கணவரின் தம்பி. காதில் விழுந்ததை அடுத்த நொடி ஊருக்கே சொல்லிவிடுவான் என்று வீட்டில் வைத்த பட்டம், நாற்பது வயதாகியும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“நடந்ததை மறுபடி சொல்லுங்க,” என்றார் டீச்சர். “மெதுவா.”

“ரெண்டு பொண்ணுங்க. புது வீட்டுல கால் வச்ச அன்னிக்கே வாசல்ல புருஷன் வந்து நிக்கறான். முதல் பொண்ணு பின்பக்கமா ஓடித் தப்பிச்சா. ரெண்டாவது பொண்ணு இன்னும் ஆஸ்பத்திரியில கிடக்கா. தாடை எலும்பு நொறுங்கிப் போச்சு.”

“விலாசம் யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கு மட்டும்தான். இங்கேர்ந்து கூட்டிட்டுப் போற டிரைவருக்குப் பாதி வழிதான் தெரியும். அங்க வேற வண்டி மாறணும். அந்த வண்டிக்காரருக்கு விலாசத்தை, ஒட்டி மூடின கவர்ல குடுத்தனுப்புவேன். அதை டைப் அடிக்கறப்போ இந்த ரூமை உள்பக்கம் பூட்டிக்குவேன். கம்ப்யூட்டர்ல சேமிச்சுக்கூட வைக்க மாட்டேன்.”

“ஜன்னல் வழியா யாராவது…”

“எதிர்ல வெறும் சுவர்.”

“இன்டர்நெட்?”

“முதல் தடவை ஆனதுமே அந்த வயரைப் பிடுங்கித் தூக்கிப் போட்டுட்டேன். அதுக்கு அப்புறம்தான் ரெண்டாவது பொண்ணு…” பெரியக்காவின் கை வாயைப் பொத்திக்கொண்டது. “எல்லாரும் என்னைத்தான் ஒரு மாதிரி பாக்கறாங்க. எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு. தூக்கத்துல உளர்றேனா?”

உள்ளறையில் பாட்டு மறுபடி தொடங்கியது. டீச்சர் அந்தப் பக்கம் பார்த்தார்.

“அந்தப் பொண்ணும் குழந்தையும் இன்னிக்குப் போகணும்,” என்றார் பெரியக்கா. “பொழுது சாயறப்போ வண்டி வரும். அவ புருஷன் கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவே இருக்கு. அதையும் மீறிப் போன வாரம் இந்தத் தெருவைச் சுத்தியிருக்கான். இங்க வச்சிருக்கவும் பயமா இருக்கு. அனுப்பவும் பயமா இருக்கு.”

“கம்ப்யூட்டரைப் பாக்கலாமா?”

“அதுக்கு இப்ப பேய் பிடிச்சிருக்கு,” என்றார் பெரியக்கா. கேலியாகச் சொல்லவில்லை.

மேசையில் ஒரு மானிட்டர். கீழே, காலருகில் கம்ப்யூட்டர் பெட்டி. வைரஸ்தான் வேவு பார்க்கிறது என்று எண்ணி, பெரியக்காவின் தங்கை மகன் பழையதை எல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருந்தான். பெட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் போட்டான். அங்கே ஒழுங்காக ஓடியது. இங்கே திரும்பக் கொண்டுவந்து மாட்டியதும் ஆரம்பித்தது கோளாறு.

திரையில் ஒரு மலை, அதன் அடியில் ஏரி. அவ்வளவுதான். பெயர் கேட்கும் பெட்டி இல்லை, மேலே பட்டை இல்லை, கடிகாரம்கூட இல்லை.

“நல்ல இடம்,” என்றான் தந்தி. “ஆனா உள்ள போக வழிதான் இல்ல.”

“பாஸ்வேர்டு எப்படிப் போட்டீங்க?” என்று கேட்டார் டீச்சர்.

“குருட்டுத்தனமாத்தான். பையன் இப்ப வெளியூர்ல வேலைக்குச் சேர்ந்துட்டான். ஃபோன்ல சொன்னான். திரையை ஓட்டற சாஃப்ட்வேர் கோளாறா இருக்கும் பெரியம்மா, அடுத்த வாரம் வந்து பாக்கறேன், அதுவரைக்கும் எண்டர் தட்டிட்டு பாஸ்வேர்டை அடிங்க, அது உள்ள வாங்கிக்கும்னான். வாங்கிக்குச்சு. திறக்க வேண்டியதோட பேரை டைப் பண்ணி எண்டர் தட்டினா திறக்கும்னான். இன்னிக்குக் காலைல அப்படித்தான் செஞ்சேன். கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல. ஆனாலும் விலாசத்தை அடிச்சேன். பிரிண்ட் குடுத்தேன்.” அவர் குரல் இறங்கியது. “ஒரு எழுத்து பிசகாம வந்துச்சு. இந்த மலையைத் தவிர இதுல எதுவுமே இல்ல. ஆனா பேப்பர்ல விலாசம் வருது.”

டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மவுஸை மெல்ல வலப்பக்கம் தள்ளினார். சின்ன வெள்ளை அம்புக்குறி மலையைக் கடந்தது, ஏரியைக் கடந்தது, திரையின் விளிம்பைத் தொட்டது.

பிறகு காணாமல் போனது.

டீச்சரின் கை அப்படியே நின்றது. மறுபடி இடப்பக்கம் இழுத்தார். கொஞ்ச தூரம் இழுத்த பிறகுதான் அம்பு விளிம்பிலிருந்து திரும்பி வந்தது.

“அண்ணி,” என்றான் தந்தி, “எங்க போயிட்டு வருது அது?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.” டீச்சரின் குரல் தணிந்துவிட்டது. “ஒரு திரைதான் இருந்தா, விளிம்பு அதுக்குச் சுவர் மாதிரி. மவுஸை மேசையை விட்டே தள்ளினாலும் அம்பு அங்கேயே முட்டிக்கிட்டு நிக்கும். தாண்டிப் போகுதுன்னா, தாண்டினதுக்கு அப்புறம் அதுக்குத் தரை இருக்கு. இன்னொரு திரை.”

“இந்த ரூம்ல ஒரு மானிட்டர்தானே இருக்கு?”

“ஆமா.”

மேசை விசிறி ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் திரும்பியது.

டீச்சர் மலையின் மேல் வலது பொத்தானை அழுத்தி, திரை அமைப்புகள் என்பதைத் தேர்ந்தெடுத்தார். நல்லவேளை, அது இந்தப் பக்கமே திறந்தது. அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். சின்னதற்கு அடியில் மேசை மேலிருந்த மானிட்டரின் பெயர். பெரியதற்கு அடியில் வேறொரு பெயர், நாற்பத்து மூன்று அங்குலம் என்ற அளவு. அதன் தலையில், இதுதான் முதன்மைத் திரை என்பதற்கான அடையாளம்.

“எந்தத் திரையா இருந்தாலும் கேபிள் மாட்டினதும் கம்ப்யூட்டர்கிட்ட தன்னை அறிமுகப்படுத்திக்கும்,” என்றார் டீச்சர். பயத்திலும் அவருக்கு அந்த ஏற்பாட்டின் அழகு பிடித்திருந்தது. “என் பேரு இது, என் உயரம் அகலம் இவ்வளவுன்னு. கேக்காமலே சொல்லும். பொய் சொல்லத் தெரியாது. லினக்ஸ் ரெண்டையும் கேட்டுது. பெரியவர்தான் வீட்டுத் தலைவர்னு முடிவு பண்ணிடுச்சு. பேர் கேக்கற பெட்டி, கடிகாரம், புதுசா திறக்கற பக்கம் எல்லாத்தையும் அங்க கொண்டுபோய் வச்சிடுச்சு. இங்க மிச்சம் மலை மட்டும்தான். எதுவும் ரிப்பேர் இல்ல. எல்லாம் ஒழுங்கா நடக்குது. ஆனா வேற எங்கேயோ நடக்குது.”

“அப்ப பழைய சிஸ்டத்துல மட்டும் ஏன் சரியா தெரிஞ்சுது?” என்றார் பெரியக்கா.

“பழசு, இங்க இருக்கறதையே அங்கேயும் அப்படியே நகல் எடுத்துக் காட்டிட்டு இருந்திருக்கும். உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிஞ்சிருக்காது. நீங்க அடிக்கற ஒவ்வொரு எழுத்தும் ரெண்டு இடத்துல விழுந்திருக்கு.”

பெரியக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். இன்டர்நெட் வயரைப் பிடுங்கியது, கதவைப் பூட்டியது, சேமிக்காமல் விட்டது எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின.

“காலைல அடிச்ச பக்கம்,” என்றார் டீச்சர். “அதை மூடினீங்களா?”

“எங்க இருக்குன்னே தெரியாதப்போ எதை மூடறது?”

டீச்சர் அமைப்புப் பக்கத்தை மூடிவிட்டு, விசைப்பலகையில் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினார். திறந்திருக்கும் பக்கத்தை ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்கு நகர்த்தும் விசைகள் அவை. வலது விளிம்பிலிருந்து ஒரு வெள்ளைப் பக்கம் சறுக்கிக்கொண்டு வந்து மலையை மறைத்தது. அதில் கொட்டை எழுத்தில் ஒரு வீட்டு எண், தெரு, அடையாளத்துக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி.

காலையிலிருந்து அது அங்கே, யாருக்கோ எதிரே, விரித்து வைத்த மாதிரி கிடந்திருந்தது.

தந்தி அதற்குள் மேசைக்கு அடியில் தவழ்ந்திருந்தான். பெட்டியின் முதுகில் இரண்டு கேபிள்கள். ஒன்று மானிட்டருக்கு ஏறியது. இன்னொன்று தரையோரமாக ஊர்ந்து, அலமாரிக்குப் பின்னால் போய், சுவரிலிருந்த விரல் பருமன் ஓட்டைக்குள் நுழைந்தது.

“பிடுங்கிடவா அண்ணி?” அவன் குரலில் கேலி போயே போய்விட்டது.

“தொடாதே. நீ பிடுங்கினா அந்தப் பக்கம் சிக்னல் இல்லைன்னு வரும். நாம கண்டுபிடிச்சது தெரிஞ்சு போயிடும். ஆள் கிளம்பிப் போயிட்டா யாருன்னே தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?”

“பல் டாக்டர்,” என்றார் பெரியக்கா.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு முனகல் கேட்டது. “ஏன் அண்ணி, உலகத்துல வேற டாக்டரே இல்லையா?”

---

தந்தி கன்னத்துக்குள் ஒரு பஞ்சுருண்டையை அடக்கிக்கொண்டு பல் மருத்துவமனைக்குள் நுழைந்தான். காதில் செருகியிருந்த இயர்போன் குமிழில் டீச்சர் மூச்சு விடுவது கேட்டது.

“எந்தப் பல்லு?” என்றாள் வரவேற்புப் பெண்.

“எது கம்மியா வலிக்கும்?”

“பிடுங்கறப்போ எல்லாமே ஒண்ணுதான்.”

“அப்ப உங்களுக்குப் பிடிச்ச நம்பரைப் போட்டுக்கோங்க. ஒண்ணும் அவசரமில்ல, கடைசியா கூப்பிட்டாப் போதும்.”

காத்திருக்கும் கூடத்தில் இரண்டு பேர். தாடையில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்த ஒரு தடித்த ஆள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு நடுவயது அம்மாள். உள்ளேயிருந்து துளைக்கருவியின் கீச்சொலி வந்தபோதெல்லாம் தந்தியின் தோள் காதுவரை ஏறியது. பொதுச் சுவரில், சரியாகப் பெரியக்காவின் அலமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு பெரிய டிவி. அதில் யாரோ ஆடிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“நல்ல டிவி,” என்றான் தந்தி வரவேற்புப் பெண்ணிடம்.

“நல்ல டிவியா? அதுக்கு என்னமோ ஆயிடுச்சு. ரிமோட் இதோ என் டிராயர்லயே கிடக்கு. ஆனா அதுவா மாறுது. ரெண்டு நாளா திடீர்னு ஒரு மலை வருது, ஏரி வருது. காலைல லெட்டர் மாதிரி என்னவோ எழுத்து. நான் எழுந்து போறதுக்குள்ள மறுபடி பாட்டு வந்துடுச்சு. டாக்டர்கிட்ட சொன்னா கண்ணைக் காட்டிட்டு வான்னு சொல்றாரு.”

“சுவர்லேர்ந்து ஒரு வயர் வருதே?”

“அதுவா? பக்கத்து ரூம் முன்னாடி எங்க எக்ஸ்ரே ரூம். அங்க எடுக்கற படத்தை இந்த டிவியில போட்டுக் காட்டுவாரு டாக்டர். ரூமைக் காலி பண்ணினோம், வயர் மட்டும் அப்படியே நின்னுடுச்சு.”

காதுக்குள் டீச்சர் மூச்சை இழுத்தார். “டிவியில வயர் மாட்ட நாலஞ்சு வாசல் இருக்கும்டா. ஒண்ணுல பாட்டு, ஒண்ணுல நம்ம கேபிள். அது பாட்டு வாசலைப் பாத்துட்டு இருந்தாக்கூட, நம்ம வாசல்ல ஆள் இருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும். பாக்க வேண்டியவங்க வாசலை மாத்தி ஒரு நிமிஷம் பாத்துட்டு, திருப்பி மாத்திடறாங்க. டிராயர்ல இருக்கற ரிமோட் வேண்டாம். தலையில ரிமோட் விளக்கு வச்ச ஃபோன் எவ்வளவோ இருக்கு. கூடத்துல யார் கையில ஃபோன் இருக்கு?”

தந்தி ஓரக்கண்ணால் பார்த்தான். “எல்லார் கையிலயும்,” என்று முணுமுணுத்தான்.

“சரி. தூண்டிலைப் போடறேன்.”

சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சர் விலாசத்தை அழித்துவிட்டு ஒரே வரி அடித்தார்: ‘வீடு மாறிவிட்டது. புதிய விலாசம் கீழே.’ கீழே எதையும் எழுதவில்லை. பக்கத்தை விளிம்புக்கு அப்பால் தள்ளினார். எழுதி முடித்த வரியை ஒரு தடவை பார்த்தால் போதும். பாதியில் நிற்பதை மறுபடி மறுபடி வந்து பார்த்தாக வேண்டும். அவர் நம்பியது அதைத்தான்.

தந்தி முன் நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த இருவரும் அவன் முதுகுப் பக்கம். பின்னாலிருப்பவர்களில் ஒருவர் காட்டிக்கொடுத்ததால் ஒருத்தி தாடை நொறுங்கிப் படுத்திருக்கிறாள்.

டிவியில் பாட்டு அறுந்தது. மலை. ஏரி. நடுவில் வெள்ளைப் பக்கம், அதில் அந்த ஒரு வரி. மூச்சு விடும் நேரம். மறுபடி பாட்டு.

“வந்துச்சு,” என்றான் தந்தி, ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தபடி, உதடு அசையாமல். “அந்தக் கைக்குட்டைக்காரன்தான் அண்ணி. கண்ணைக்கூடக் கொட்டாம டிவியையே பாக்கறான்.”

“பாக்கறது குத்தமில்ல. மாத்தினது யாருன்னு வேணும். ரிமோட் வெளிச்சம் நம்ம கண்ணுக்குத் தெரியாது, ஆனா கேமராவுக்குத் தெரியும். முன்பக்கக் கேமராவுல பெரும்பாலும் நல்லாவே தெரியும். உன் மூஞ்சியைப் படம் பிடிக்கற மாதிரி ஃபோனைத் தூக்கிப் பிடி. உன்னைப் பாக்காதே. உனக்குப் பின்னாடி பாரு.”

“என்னைப் பாக்காம இருக்கறதுதான் கஷ்டம்,” என்றான் தந்தி. ஆனாலும் ஃபோனை உயர்த்தினான். வீங்கிய கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

“ரொம்ப வலிக்குதா தம்பி?”

தந்தி துள்ளிவிட்டான். மூக்குக்கண்ணாடி அம்மாள் பின்னாலிருந்து குனிந்து ஒரு கிராம்பை நீட்டிக்கொண்டிருந்தார். “இதைக் கடிச்சுக்கோங்க. பயப்படாதீங்க. இந்த டாக்டர் கை பூ மாதிரி.”

“ரொம்ப நன்றிங்கம்மா.” கூடத்தில் நல்ல மனசு ஒன்றாவது இருக்கிறது என்று அவனுக்கு ஆறுதலாக இருந்தது. கிராம்பை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு ஃபோனை மறுபடி உயர்த்தினான். கைக்குட்டைக்காரரைச் சட்டத்தின் நடுவில் வைத்தான்.

பாட்டு அறுந்தது. மலை வந்தது.

கைக்குட்டைக்காரரின் ஃபோன் மடியில் குப்புறக் கிடந்தது. அவர் மருத்துவர் அறைக் கதவைப் பார்க்கப் பயந்துதான் டிவியையே வெறித்துக்கொண்டிருந்தார். படத்தின் ஓரத்தில், வேறொரு கையில், ஃபோனின் தலைப்பக்கம் டிவியைக் குறிபார்த்துச் சாய்ந்திருந்தது. அதன் நுனியில் ஊதா நிறத்தில் ஒரு பொறி துடித்தது. வெறும் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஃபோன் திரையில் மட்டும் மின்மினி மாதிரி, ஒரு தடவை, இரண்டு தடவை.

கிராம்பு நீட்டிய கை.

அவன் விரல் தானாகப் படமெடுத்தது. அனுப்பியது. வாயிலிருந்த கிராம்பு திடீரென்று விஷம் போல எரிந்தது.

---

டீச்சர் ஃபோனைப் பெரியக்காவிடம் நீட்டினார். “இவங்களைத் தெரியுமா?”

பெரியக்கா படத்தைப் பார்த்தார்.

“இது என் தங்கச்சி,” என்றார். “வாராவாரம் பல்லு காட்டப் போறா. லினக்ஸ் போட்டானே, அவனோட அம்மா.”

“பெட்டி திரும்பி வந்தப்போ வயரெல்லாம் மாட்டினது யாரு?”

பெரியக்கா படத்திலிருந்த கையைத் தொட்டுக் காட்டினார். மகன் வீட்டில் ஒரே ஒரு மானிட்டரோடு நன்றாக ஓடிய பெட்டி அது. இரண்டாவது கேபிளை அதற்குப் பிறகுதான் ஒரு கை மாட்டியிருக்க வேண்டும். பழைய சிஸ்டத்தில் நடந்தது போலவே புதியதிலும் நடக்கும் என்று அந்தக் கை நினைத்துவிட்டது.

கதவு திறந்தது. தந்தி கூட்டிவந்து பின்னால் நிற்க, அந்தத் தங்கை உள்ளே வந்தார். மேசைக்கு முன்னால் டீச்சர், அக்காவின் முகம், அக்காவின் கையில் தன் படம். மூன்றையும் பார்த்த பிறகு அவர் எதையும் மறுக்கவில்லை.

“பாவம்கா அந்தப் புருஷன்மாருங்க,” என்றார் மெல்ல. “பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு எப்படி அழுதாங்க தெரியுமா? உள்ள இருக்கற பொண்ணோட புருஷன், அந்தத் தம்பி போன வாரம் கீழ நின்னு என் காலைப் பிடிச்சு அழுதுச்சு. ஒரு தடவை பாத்து மன்னிப்புக் கேட்டாப் போதும்னுச்சு. நீ பிரிச்சு வைக்கற. பிரிச்சது பிரிஞ்சதாவே போயிடணுமா? நீயும் நானும் அப்பா இல்லாம வளர்ந்தது போதாதா?”

“ஆஸ்பத்திரியில ஒருத்தி கிடக்கறாளே, அவளை ஒரு நாளாவது போய்ப் பாத்தியாடி நீ?”

“அவ மாடிப்படியில விழுந்துட்டான்னு அவ புருஷன் சொன்னாரு.”

“மாடிப்படி!” பெரியக்காவின் குரல் உடைந்தது. “அது மாடியே இல்லாத வீடுடி.”

தங்கை கையிலிருந்த ஃபோனைக் குனிந்து பார்த்தார்.

“காலைல டிவியில பாத்த விலாசத்தை,” என்றார் டீச்சர், “சொல்லிட்டீங்களா?”

பதில் வருவதற்கு முன் தங்கையின் கையிலிருந்த ஃபோன் அதிர்ந்தது. நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள். உள்ளறையில் குழந்தையின் பாட்டு சட்டென்று நின்றது.

“ஒலிபெருக்கியில போடுங்க,” என்று உதட்டை மட்டும் அசைத்தார் டீச்சர்.

“அம்மா, நான் வந்துட்டேன்,” என்றது ஒரு ஆண் குரல். மரியாதையான, மென்மையான குரல். “தண்ணித் தொட்டிக்கு எதிர் வீடுதானே? பூட்டிக் கிடக்கு. எப்ப வருவா?”

உள்ளறைக் கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. அந்த இடுக்கில் ஒரு பெண்ணின் ஒற்றைக் கண் தெரிந்தது. அந்தக் குரலைக் கேட்டதும் அது மூடிக்கொண்டது.

“தம்பி,” என்றார் தங்கை. “நீங்க மன்னிப்புக் கேக்கத்தானே வந்திருக்கீங்க?”

“ஆமாம்மா.”

“குழந்தை பயப்படும். பக்குவமா பேசுவீங்கல்ல?”

சின்னச் சிரிப்பு. “குழந்தை வேண்டாம்மா. குழந்தையை நீங்களே வச்சுக்கோங்க. அவ மட்டும் வரட்டும். கதவு ஓரமா கேனை வச்சுட்டுத்தான் நிக்கறேன். பேசறதெல்லாம் பேசி முடிச்சாச்சு.”

“என்ன கேன் தம்பி?”

“எப்ப வருவான்னு மட்டும் சொல்லுங்கம்மா.”

தங்கையின் முகம் வெளிறிப்போனதைத் தந்தி பார்த்தான். பெரியக்கா இன்னொரு ஃபோனோடு அறை மூலைக்குப் போய், காவல் நிலையத்துக்கு அந்த விலாசத்தைக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். ‘சீக்கிரம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

டீச்சர் ஒரு தாளில் எழுதித் தங்கையின் கண்ணுக்கு நேரே பிடித்தார்: அவன் அங்கேயே நிற்க வேண்டும்.

அந்தக் கணம் முழுக்கத் தங்கையின் கையில்தான் இருந்தது. ஒரு சொல் போதும் அவனை எச்சரிக்க. ஒரு விம்மல் போதும் அவன் சந்தேகப்பட்டு இந்தப் பக்கம் கிளம்ப. பெரியக்கா திரும்பித் தங்கையைப் பார்த்தார். கெஞ்சவில்லை, அதட்டவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

“வந்துட்டே இருக்கா தம்பி,” என்றார் தங்கை. குரல் அதிசயமாக நிதானமாக வந்தது. “வழியில வண்டி மாறணும், அதான் லேட்டு. நீங்க அந்த இடத்தை விட்டு நகர்ந்துடாதீங்க. எதிர்ல நிழல் இருக்கா? நிழல்ல நில்லுங்க. சாப்பிட்டீங்களா?”

“இல்லம்மா.”

“ஐயோ, ஏன் சாப்பிடல?”

அவர் பேசிக்கொண்டே போனார். டீச்சர் தந்தியின் தோளைத் தட்டினார். உள்ளறைக் கதவு ஓசையில்லாமல் திறந்தது. அந்தப் பெண் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். தந்தி குழந்தையைத் தூக்கினான். அது அவன் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு, அவனுடைய வீங்கிய கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தது. எங்கே போகிறோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டீச்சர் தந்தியின் காதில் மட்டும் ஏதோ சொன்னார். அவன் தலையாட்டினான்.

மாடியிலிருந்து இறங்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று தெருவுக்கு, ஒன்று பின்பக்கச் சந்துக்கு. தங்கை நின்ற இடத்திலிருந்து இரண்டும் தெரியும்.

அவர் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, “இன்னும் கொஞ்ச நேரம்தான் தம்பி,” என்று சொல்லியபடியே சுவர்ப்பக்கம் திரும்பி, நெற்றியை அதில் முட்டுக்கொடுத்து, கண்களை இறுக மூடிக்கொண்டார். காலடிகள் கடைசிப் படியையும் தாண்டிக் கேட்காமல் போகும்வரை அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.